கொம்பேறி மூக்கனும் ஆகாசகருடனும்



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி அது. இருபுறமும் கரிசல் காடு. நீர் வற்றிய கண்மாய்கள், கரைமேல் வரிசையாகப் பனைகள், எங்கு நோக்கினும் சீமைக்கருவேலம். ஆண்டு முழுவதும் சேர்த்தால் ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். குண்டாற்றில் தண்ணீர் ஓடினால் மக்கள் வேடிக்கை பார்க்கக் கூடுவார்கள்.

இத்தகைய வறண்ட சீமையில் மரத்தில் வாழும் பாம்புகள் இருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன. அவற்றில் ஒன்றை நான் சந்தித்த கதையிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவனின் ஊருக்குப் போயிருந்தேன். திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கண்மாய்க் கரையில் ஒரே கூச்சல். ஒரு பனையைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள், கையில் கம்பும் கல்லும். பனையில் பாதி உயரத்தில், பழைய மட்டைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய பாம்பு தலையை நீட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் புறங்கையில் முள் கீறியதுபோல இரண்டு மூன்று ரத்தப் புள்ளிகள்.

"கொம்பேறி மூக்கன் சார்! கடிச்சுட்டு மரத்துல ஏறிக்கிருச்சு. சுடுகாட்டுப் புகையைப் பாத்தப்புறந்தான் கீழே எறங்குமாம்!" என்றான் இன்னொரு பையன்.

பையனின் பாட்டி ஒரு வேரை அரைத்துக் கொண்டுவந்து கையில் பூசினார். கொஞ்சம் வாயிலும் ஊட்டினார். அரை மணி நேரம் கழிந்தது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து ஓடிவிட்டான்.

"பாத்தீகளா வாத்தியாரய்யா, வேரோட மகிமையை!" என்றார் பாட்டி.

ஒரு பாம்பு, ஒரு வேர், ஒரு பிழைத்த பையன். வேர்தான் அவனைக் காப்பாற்றியதா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் நீங்களே விடை சொல்லிவிடுவீர்கள்.

புகை பார்க்கும் பாம்பு

கொம்பேறி மூக்கனுக்கு அறிவியல் பெயர் டெண்ட்ரிலாஃபிஸ் டிரிஸ்டிஸ். 'டெண்ட்ரான்' என்றால் கிரேக்க மொழியில் மரம். 'டிரிஸ்டிஸ்' என்றால் லத்தீனில் துயரம். துயரப்படும்படி அது எதுவும் செய்வதில்லை. பிரெஞ்சு அறிஞர் தோதேன் 1803இல் இந்தப் பெயரை இட்டார்.

ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். சாட்டை போன்ற மெல்லிய உடல். முதுகில் தலையிலிருந்து ஓடும் வெண்கல நிறப் பட்டை. பெரிய வட்டக் கண்கள். அச்சுறுத்தினால் கழுத்தை உப்பச் செய்யும். அப்போது செதில்களுக்கு இடையே வெளிர்நீலம் பளிச்சிடும். பல்லி, ஓணான், தவளை ஆகியவை இதன் உணவு. இதற்கு நச்சுப் பல்லும் இல்லை, நஞ்சும் இல்லை.

அப்படியானால் சுடுகாட்டுக் கதை எப்படி வந்தது? இது பகலில் இரை தேடும் பாம்பு. ஆள் நடமாட்டம் கண்டால் ஓட்டமாக ஓடி மரத்தில் ஏறும். ஏறியபின் தலையை உயர்த்தித் தன்னைத் துரத்தியவரைப் பார்க்கும். எதிரி போய்விட்டானா என்று அறிந்துகொள்ள எல்லா உயிரும் செய்கிற வேலைதான் இது. பார்த்தவர்கள் அந்தப் பார்வைக்கு ஒரு காரணம் கற்பித்தார்கள். மரத்தில் ஏறுவதும் உண்மை, எட்டிப் பார்ப்பதும் உண்மை. புகை மட்டும் கற்பனை.

கண்கொத்தியின் கண்

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் மல்லிகைத் தோட்டங்கள் உண்டு. அந்தப் பக்கத்து வேலிகளிலும் கொடிகளிலும் இன்னொரு மரப்பாம்பு இருக்கும். ஆனால் எளிதில் கண்ணில் படாது. அதுதான் பச்சைப் பாம்பு. கொடியோடு கொடியாகக் கிடக்கும். காற்றில் கொடி ஆடினால் அதுவும் கூடவே ஆடும். கூர்மையான மூக்கு. மற்றப் பாம்புகள் பல முட்டையிட, இது குட்டி போடுகிறது.

இதற்குக் கண்கொத்திப் பாம்பு என்றும் பெயர். நேராகப் பறந்து வந்து கண்ணைக் கொத்தும் என்பார்கள். இலங்கையில் சிங்கள மொழியிலும் இதற்கு 'அஹெடுல்லா' என்று பெயர். பொருள் அதேதான்: கண்ணைப் பிடுங்குவது. கடல் கடந்தும் அச்சம் ஒன்றாகவே இருந்திருக்கிறது! அந்தச் சிங்களப் பெயரே அறிவியலிலும் நிலைத்துவிட்டது. இதன் பேரினப் பெயர் அஹெடுல்லா.

முன்பெல்லாம் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள பச்சைப் பாம்புகள் பலவற்றையும் 'அஹெடுல்லா நாசூட்டா' என்ற ஒரே இனமாகக் கருதினார்கள். நாசூட்டா என்றால் பெரிய மூக்குடையது. 2020இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து, நாசூட்டா இலங்கைக்கே உரியது என்று காட்டியது. நம் சமவெளிப் பச்சைப் பாம்பு இப்போது 'அஹெடுல்லா ஆக்சிரிங்கா', அதாவது கூர்மூக்கன். தினமும் பார்க்கிற பாம்பின் பெயரைக்கூட அறிவியல் திருத்திக்கொள்கிறது பாருங்கள். திருத்திக்கொள்வதுதான் அறிவியலின் பலம்.

இதன் கண்ணைக் கவனியுங்கள். பாவை வட்டமாக இல்லை. படுக்கை வசத்தில் நீண்ட துளையாக இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் முகத்தில் ஒரு பள்ளம் மூக்கு வரை ஓடுகிறது. துப்பாக்கியில் குறிபார்க்கும் பள்ளம் போன்றது அது. இந்த அமைப்பினால் இரண்டு கண்களும் முன்னால் உள்ள ஒரே பொருளைப் பார்க்க முடிகிறது.

அதனால் என்ன பயன்? ஒரு சிறு சோதனை செய்யுங்கள். இரு கைகளிலும் ஒவ்வொரு பென்சிலைப் பிடித்துக் கையை நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முனைகளையும் தொடச் செய்யுங்கள். பெரும்பாலும் தவறிவிடும். இப்போது இரு கண்களாலும் பார்த்துச் செய்யுங்கள். முதல் முயற்சியிலேயே முனைகள் சந்திக்கும். இரு கண்களும் ஒரே பொருளை இரு கோணங்களில் பார்ப்பதால், மூளை தூரத்தைக் கணக்கிட்டுவிடுகிறது. வடிவக் கணிதத்தில் ஒரு பக்கமும் இரு கோணமும் தெரிந்தால் முக்கோணத்தை வரைந்துவிடலாம் என்று படித்தீர்கள் அல்லவா? அதே வித்தைதான். கிளையிலிருந்து பாய்ந்து ஓணானைப் பிடிக்கும் பாம்புக்குத் தூரம் தவறினால் அன்று பட்டினி.

இதற்கு மேல்தாடையின் பின்புறம் பற்கள் உண்டு; மெல்லிய நஞ்சும் உண்டு. அது ஓணானை மயக்கப் போதும். மனிதருக்குக் கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் தரலாம், அவ்வளவே. சில ஊர்களில், பச்சைப் பாம்பைக் கையால் உருவி விட்டால் சமையலில் கைமணம் கூடும் என்று சொல்வதுண்டு. சமையல் எப்படியோ, பாம்பின் எலும்புகளுக்கு அது நல்லதன்று. உருவிப் பார்க்க வேண்டாம்.

இரவுக் காவல்காரன்

மூன்றாவது மரப்பாம்பு இரவில் வருவது: பூனைக்கண் பாம்பு. பகலில் புதரிலும் கூரை ஓலையிலும் சுருண்டு உறங்கும். பூனையைப் போலவே செங்குத்தான பாவை. பல்லிகள் இதன் முக்கிய உணவு. மனிதருக்கு ஆபத்தில்லாதது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நிறத்திலும் முதுகுக் குறிகளிலும் இது சுருட்டை விரியனை ஒத்திருக்கும். சுருட்டை விரியன் கடும் நஞ்சுள்ளது. கல்லும் முள்ளும் நிறைந்த வறண்ட நிலத்தில் வாழ்வது. அது உடலை உரசினால் செதில்கள் மரம் அறுப்பதுபோல ஒலிக்கும். பூனைக்கண் பாம்பு அப்படி ஒலி எழுப்புவதில்லை. இருந்தாலும் இருட்டில், பதற்றத்தில், நீங்களும் நானும் வேறுபாடு கண்டுபிடிப்போம் என்று நம்பிவிடக் கூடாது.

காலில்லாமல் மரம் ஏறுவது எப்படி?

நான் இயற்பியல் ஆசிரியன். மரத்தில் ஏறும் பாம்பைப் பார்த்தால் எனக்கு முதலில் உராய்வுதான் நினைவுக்கு வரும்.

நூறு கிராம் எடையுள்ள பாம்பு செங்குத்தான பனையில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். புவி அதை ஏறத்தாழ 1 நியூட்டன் விசையுடன் கீழே இழுக்கிறது. செதிலுக்கும் மரப்பட்டைக்கும் இடையே உராய்வுக் கெழு 0.3 என்று கொள்வோம். அப்படியானால் பாம்பு மரத்தை அழுத்த வேண்டிய மொத்த விசை 1 ÷ 0.3, அதாவது 3.3 நியூட்டன். தன் எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல்! பனையேறி இடுப்பிலும் காலிலும் கயிறு பூட்டிக்கொண்டு செய்வதைப் பாம்பு தன் தசைகளால் செய்கிறது. உடலின் பின்பகுதி பட்டைச் சொரசொரப்பை இறுகப் பற்றும், முன்பகுதி நீளும், முன்பகுதி பற்றியதும் பின்பகுதி மேலே இழுக்கப்படும்.

2014இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் அழுத்தம் அளக்கும் உருளைகளில் பாம்புகளை ஏறவிட்டு அளந்தார்கள். தவறி விழாமலிருக்கத் தேவையான விசையைவிட மிக அதிகமாகவே அவை பற்றுகின்றன என்று தெரிந்தது. பாம்புக்கு உடல் உழைப்பு மிச்சமாவதைவிட விழாமலிருப்பதே முக்கியம்போலும்!

கொம்பேறி மூக்கனுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. அதன் வயிற்றுச் செதில்கள் இரு ஓரங்களிலும் மடிந்து வரப்பு போல நிற்கின்றன. பட்டையின் வெடிப்புகளில் அந்த வரப்புகள் மாட்டிக்கொள்ளும்.

சரி, ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு, நடுவே ஆதாரமில்லாமல் உடலை நீட்டுகிறதே, அது எப்படி? உங்கள் அடிக்கோலை எடுங்கள். ஒரு முனையை மேசைமேல் அழுத்திப் பிடித்து, மறுமுனையைத் தட்டையாக வெளியே நீட்டி, அதில் ஓர் அழிப்பானைக் கட்டித் தொங்கவிடுங்கள். கோல் வளையும். இப்போது அடிக்கோலைத் திருப்பி விளிம்பு வசமாகப் பிடியுங்கள். வளைவதே தெரியாது. கோலின் அகலம் 3 சென்டிமீட்டர், தடிப்பு 3 மில்லிமீட்டர் என்றால், விளிம்பு வசத்தில் அதன் விறைப்பு 100 மடங்கு! ஏனெனில் விறைப்பு, உயரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. வீட்டு உத்தரத்தைத் தச்சர் எப்போதும் விளிம்பு வசமாக வைப்பது இதனால்தான். பூனைக்கண் பாம்பின் உடல் இரு பக்கமும் அமுங்கி, அகலம் குறைந்து, உயரம் கூடி இருக்கிறது. பாம்பின் உடல் அடிக்கோலைப் போன்ற விறைப்பான பொருளன்று. அதைத் தாங்குவது தசை. ஆனாலும் உயரம் கூடினால் தொய்வு குறையும் என்ற தத்துவம் ஒன்றே.

முன்னுடல் ஒல்லியாக இருப்பதும் இதற்காகத்தான். நெம்புகோல் பாடத்தில் படித்தபடி, நுனியில் இருக்கும் சிறு எடையும் பெரிய திருப்புத்திறனை உண்டாக்கும். நுனி எவ்வளவு மெலிந்திருக்கிறதோ, அவ்வளவு தூரம் நீட்டலாம்.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. தலை மேலாகச் செங்குத்தாக ஏறும் பாம்பின் மூளைக்கு ரத்தம் எப்படிப் போகிறது? திரவ அழுத்தம் காண உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளப் பாம்பின் இதயம் உடலின் நடுவில் இருந்தால், ரத்தத்தை 50 சென்டிமீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் ஏறத்தாழ 39 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வேண்டும். இதயம் தலையிலிருந்து 25 சென்டிமீட்டரில் இருந்தால் 19 போதும். மரமேறும் பாம்புகளின் இதயம் தலைக்கு அருகிலும், எந்நேரமும் நீரில் வாழும் பாம்புகளின் இதயம் இன்னும் பின்னுக்குத் தள்ளியும் இருப்பதை ஹார்வி லில்லிவைட் என்ற அமெரிக்க உயிரியலார் பல இனங்களில் அளந்து காட்டினார். நீருக்குள் வெளியழுத்தமும் ஆழத்தோடு கூடுவதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

நம் மாவட்டத்துக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பறக்கும் பாம்பு இருக்கிறது. உண்மையில் அது பறப்பதில்லை. விலா எலும்புகளை விரித்து உடலைத் தட்டையாக்கிக் காற்றில் சறுக்குகிறது. சறுக்கும்போது ஏன் நெளிகிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. நெளியாவிட்டால் நிலை தவறிப் புரண்டுவிடும் என்று 2020இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பாம்பின் பெயர் தாங்கிய செடிகள்

இனி வேருக்கு வருவோம். நம் ஊர்ச் செடிகளில் பாம்பின் பெயர் கொண்டவை பல. அந்தப் பெயர்கள் வந்த வழி மூன்று.

முதல் வழி, உருவம். கரிசல் வேலிகளில் நிற்கும் நாகதாளியைப் பாருங்கள். படமெடுத்த நாகத்தின் தலையைப் போன்ற தட்டைகள். சப்பாத்திக்கள்ளி என்பதும் இதுவே. இது நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கள்ளியில் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்பதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கள்ளித் தோட்டம் போட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைச் சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் அப்படியொரு தோட்டம் அமைத்தார். சாயத் தொழில் செழிக்கவில்லை, கள்ளிகள் செழித்தன. வயலும் மேய்ச்சல் நிலமும் கள்ளிக்காடாயின. 1926இல் கள்ளியை உண்ணும் வேறொரு பூச்சியை இலங்கை வழியாகக் கொண்டுவந்து விட்ட பிறகே தென்னிந்தியாவில் அது அடங்கியது.

மருள் என்ற கற்றாழையின் இலையில் பாம்புத் தோல் போன்ற வரிகள். அதன் நாரில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். கோவில்களில் நிற்கும் நாகலிங்க மரத்தின் பூவில், மகரந்தத் தாள்கள் படம்போல் குவிந்து கவிகின்றன. அந்த மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் கோவிலில் குடியேறியது. புடலங்காய்க்குத் தமிழில் பாம்பின் பெயர் இல்லை, ஆங்கிலத்தில் உண்டு. லின்னேயஸ் இட்ட பழைய லத்தீன் பெயரிலும் பாம்பு உண்டு. நம் விவசாயியோ காயின் நுனியில் கல்லைக் கட்டிப் பாம்பைக் கோலாக்கிவிடுகிறார்!

இரண்டாம் வழி, வெறும் ஒலி. நாகப்பழம் என்று கூவி விற்பது நாவல்பழம். நாகத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை; நாவில் புரண்டு பெயர் மாறிவிட்டது.

மூன்றாம் வழி, மருந்து. நாகமல்லி, சர்ப்பகந்தா, ஆகாசகருடன் ஆகியவை பாம்புக்கடிக்கு மருந்து அல்லது பாம்புக்குப் பகை என்ற நம்பிக்கையால் பெயர் பெற்றவை. நாகமல்லியின் அறிவியல் பெயர் ரைனகாந்தஸ் நாசூட்டஸ். அதே நாசூட்டா! பூவின் வடிவம் மூக்குப்போல் இருப்பதால் வந்த பெயர். செடிக்கும் இலங்கைப் பச்சைப் பாம்புக்கும் லத்தீனில் ஒரே அடைமொழி.

ஆகாசகருடன் கிழங்கை எங்கள் பக்கத்தில் வீட்டு வாசலில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். மண்ணும் நீரும் இல்லாமல் அது துளிர்விடும். ஆகாசத்திலிருந்து உணவு பெறுகிறது, அதைக் கண்டால் பாம்பு ஓடும் என்பார்கள். உங்கள் வீட்டில் இருந்தால் அதை எடுத்து வாரந்தோறும் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். துளிர் வளர வளர, மொத்த எடை குறைந்துகொண்டே வரும். கிழங்கில் சேர்த்து வைத்த நீரையும் மாவையும் செலவழித்துத்தான் துளிர் வளர்கிறது. வறண்ட நிலச் செடியின் சேமிப்பு அது. பாம்பை விரட்டுவதற்கோ சான்று இல்லை. வீட்டில் எலி இல்லாமலும் வாசலில் குப்பை இல்லாமலும் இருந்தால், பாம்புக்கு உங்கள் வீட்டில் வேலை இல்லை.

வேரின் மகிமை

இப்போது பாட்டியின் வேரைச் சோதிப்போம்.

கொம்பேறி மூக்கன் நூறு பேரைக் கடிக்கிறது. நூறு பேருக்கும் வேர் கொடுக்கிறோம். எத்தனை பேர் பிழைப்பார்கள்? நூறு பேரும். வேருக்குப் பதில் வெல்லம் கொடுத்திருந்தால்? அப்போதும் நூறு பேர். ஒன்றுமே கொடுக்காவிட்டால்? அதே நூறு. நஞ்சில்லாத பாம்புதான் வேருக்குப் பேர் வாங்கிக் கொடுக்கிறது! நஞ்சுள்ள பாம்பும் சில வேளை நஞ்சைச் செலுத்தாமல் கடிப்பதுண்டு. அந்தப் பிழைப்புகளும் வேரின் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. இறந்தவர்களைப் பற்றி 'விதி' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கு இது.

மரத்துப் பாம்புக்கு நாம் இரட்டை அநியாயம் செய்கிறோம். கொடிய நஞ்சென்று சொல்லி அதைக் கொல்கிறோம். அது தந்த பொய்ச் சான்றை நம்பி நம்மையும் கொல்லக் கொடுக்கிறோம்.

நான் மிகைப்படுத்தவில்லை. அடுத்த ஆண்டு அதே ஊரில், விடியுமுன் மல்லிகை மொட்டுப் பறிக்கப் போன ஓர் அம்மாவைக் காலில் பாம்பு கடித்தது. அது மரத்துப் பாம்பன்று. முன்பு பையனைக் 'காப்பாற்றிய' அதே வேரை அரைத்தார்கள். இரண்டு மணி நேரம் போயிற்று. ஈறில் ரத்தம் கசிந்த பிறகே வண்டி பிடித்தார்கள். பல நாள் மருத்துவமனையில் கிடந்து அந்த அம்மா பிழைத்தார். ஒரு கால்விரலை இழந்தார். பாட்டி பிறகு என்னைப் பார்த்தபோது, "பிள்ளைக்குக் கேட்டுச்சே அய்யா, இவளுக்கு ஏன் கேக்கலை?" என்றார். ஏமாற்ற நினைத்தவர் அல்லர் அவர். அவருடைய சான்று அவரை ஏமாற்றிவிட்டது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் கிராமத்தார்.

வேர்கள் வெறுமே பயனற்றவை என்றுகூடச் சொல்லிவிட முடியாது, சில தீங்கானவை. கரிசல் வயல்களில் முளைக்கும் ஆடுதீண்டாப்பாளையையும், அதன் இனமான ஈசுவரமூலியையும் பாம்புக்கடிக்குக் கொடுப்பதுண்டு. இந்தச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; புற்றுநோயும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்திருக்கிறது. ஆடு தீண்டாததற்குக் காரணம் இல்லாமலில்லை!

அப்படியானால் நாட்டு மருந்தெல்லாம் பொய்யா? அதுவும் அவசர முடிவு. சர்ப்பகந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1931இல் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அதன் வேரிலிருந்து அஜ்மலின் என்ற பொருளைப் பிரித்தார். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், அந்த வேர் ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று நோயாளிகளிடம் சோதித்து, பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952இல் ஸ்விட்சர்லாந்தில் ரிசர்ப்பின் என்ற மருந்து அதிலிருந்து கிடைத்தது. உலகெங்கும் பயன்பட்டது. பாம்பின் பெயர் தாங்கிய வேர், பாம்புக்கடிக்கு உதவவில்லை. ரத்தக் கொதிப்புக்கு உதவியது. சோதித்துப் பார்த்ததால்தான் இரண்டும் தெரிந்தன.

பாம்பு நஞ்சுக்குச் சோதித்து நிலைத்த மருந்து ஒன்றே: நஞ்சுமுறி மருந்து. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சை ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து இதைச் செய்கிறார்கள். அதற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு நம் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டார்கள். அந்தத் திறமைக்காக வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருளர் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மருந்து வேரில் இல்லை, பாம்பிடமே இருந்தது!

எனவே பாம்பு கடித்தால் செய்ய வேண்டியது இதுதான். கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்கவைத்துத் தைரியம் சொல்லுங்கள். மோதிரம், கொலுசு, இறுக்கமான துணி ஆகியவற்றைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல் அந்தக் கைக்கோ காலுக்கோ குச்சி வைத்து, அசையாமல் இருக்கத் தளர்வாகக் கட்டுங்கள். கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கக் கூடாது. பாம்பைத் தேடி அடிப்பதில் நேரத்தை வீணாக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எந்தப் பாம்பு என்று ஐயமிருந்தால், நஞ்சுள்ளது என்றே கொள்ளுங்கள். வீண் பயணமானால் பேருந்துக் கட்டணம் நட்டம், அவ்வளவே.

அன்று பனையிலிருந்த பாம்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பிள்ளைகளிடம் கல்லைக் கீழே போடச் சொன்னேன். "புகை வருகிறவரை இறங்காது என்கிறீர்களே, நாம் போய்விட்டால் இறங்குகிறதா என்று பார்ப்போமா?" என்றேன். எல்லாரும் கண்மாய்க் கரையின் மறுபக்கம் போய் ஒளிந்துகொண்டோம். என் கைக்கடிகாரத்தில் பதினேழு நிமிடம். பாம்பு தலைகீழாகச் சரசரவென்று இறங்கி, நெருஞ்சிமுள் காட்டுக்குள் மறைந்தது.

சுடுகாட்டில் அன்று புகையே இல்லை. கடிபட்ட பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான். அவனே கேட்டான்: "அப்ப பாட்டி சொன்னது பொய்யா சார்?"

"பாட்டி பார்த்தது உண்மை. பார்த்ததிலிருந்து முடிவுக்கு வந்த வழிதான் தவறு. நீ இன்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தாய் அல்லவா? அது சரியான வழி" என்றேன்.

உங்கள் ஊர்ப் பனையிலும் வேலியிலும் இவை இருக்கும். பத்தடி தள்ளி நின்று பாருங்கள், தொடாதீர்கள். எந்த மரம், எந்த நேரம், என்ன இரை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஊரில் பாம்புக்கும் செடிக்கும் வழங்கும் பெயர்களைப் பாட்டி தாத்தாவிடம் கேட்டு, அந்தப் பெயர் எதனால் வந்தது என்றும் எழுதுங்கள். அடுத்த முறை யாரையாவது பாம்பு கடித்தால், வேர் தேடி ஓடுபவரை நிறுத்தி வண்டியைக் கூப்பிடும் முதல் ஆள் நீங்களாக இருங்கள்.